வில்வச் சாறு குடித்த ஈரல்

என் வருத்தத்தைப் பற்றி அச்சுவேலிச் சந்தையில் இப்போது நாலைந்து விதமாகக் கதை நடக்கிறது. சர்பத் கனகர் வில்வச் சாறு குடித்துச் செங்கண்மாரி என்ற மஞ்சட்காமாலையைச் சுண்டி எறிந்துவிட்டார் என்கிறான் ஒருவன். இல்லையாம், சாகக் கிடந்தவரை வள்ளத்தில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோய் ஈரலை வெட்டித் தைத்தார்களாம், அது இன்னொருவனின் கதை. வருத்தம் வந்தவன் நான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தவனும் நான். ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட கை இது. எழுத்தில் பிழை இருக்கும், கதையில் இராது.

என்னை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சைக்கிள் காரியரில் நன்னாரிச் சர்பத் போத்தல்களைக் கட்டிக்கொண்டு கோயில் கோயிலாகத் திருவிழாவுக்குப் போய் விற்றவன் நான். இன்று அச்சுவேலியில் எனக்குச் சொந்தமாக ஒரு சர்பத் கொம்பனி இருக்கிறது. சண்டையால் பாதை அடைபட்டுக் கொழும்பிலிருந்து சீனி வராமல் நின்றபோது மற்றவர்கள் கதவைப் பூட்டினார்கள். நான் பனங்கட்டிப் பாகில் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, பிழிந்து சர்பத் காய்ச்சினேன். முதலில் சிரித்தவர்கள் பிறகு தகரப் பேணியோடு வந்து வரிசையில் நின்றார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைப்படவேண்டிய விஷயமாக இருந்தால் நான் என்ன செய்ய?

வருத்தம் வந்த விதம் வேடிக்கையானது. முதலில் தேத்தண்ணி மணம் பிடிக்காமல் போனது. பிறகு குசினிப் பக்கமே போக முடியவில்லை, தாளிக்கிற மணம் வந்தால் வயிறு புரட்டியது. சிறுநீர் சாயம் கூடின பிளேன்டீ மாதிரிப் போனது. வெயில் கூட என்று நினைத்துக்கொண்டு இளநீர் குடித்தேன். ஒருநாள் காலை கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது என் மனைவி பரமேஸ்வரி துவாயை நீட்டியபடி அப்படியே நின்றாள்.

“இஞ்சேருங்கோ, வெளிச்சத்துக்குத் திரும்புங்கோ பாப்பம்.”

திரும்பினேன்.

“கண் ரெண்டும் மஞ்சள் பூசின மாதிரி இருக்கு. செங்கண்மாரி.”

அதுவரை ஒரு குளிசை விழுங்காத உடம்பு இது. ஆனால் அவள் விடவில்லை. மண்ணெண்ணெயில் ஓடுகிற வாடகைக் கார் ஒன்றைப் பிடித்தாள். அது போன வழியெல்லாம் புகை கக்கியது, நானும் அதற்குச் சரிசமமாகக் கக்கிக்கொண்டே பட்டினத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன்.

வெளியே வாங்குகளில் இடமில்லை. காய்ச்சற்காரர், காயக்காரர், பிள்ளைத்தாய்ச்சிகள். என் முகத்தைக் கண்ட ஒரு அம்மா தன் பிள்ளையை மடிக்கு இழுத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டாள். மரியாதையா பயமா என்று நான் விசாரிக்கவில்லை. இடம் கிடைத்தது, இருந்தேன்.

டொக்டர் இளம் பெடியன், ஒட்டின கன்னம். கண் இமையை விரித்துப் பார்த்தார். வலது விலாவுக்குக் கீழே விரலால் அமத்தினார். நான் துள்ளினேன்.

“ஈரல் வீங்கியிருக்கு ஐயா. இரத்தம் எடுத்துப் பார்ப்பம்.”

இரத்தத்தில் அவர்கள் பார்ப்பது பிலிருபின் என்ற மஞ்சளை. எனக்கு விளங்கினபடி சொல்கிறேன். பழைய இரத்தம் உடையும்போது ஒரு மஞ்சட் கழிவு உண்டாகிறது. அதைப் பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்குள் தள்ளிவிடுவது ஈரலின் வேலை. ஈரல் சோர்ந்தாலோ பித்தம் போகிற குழாயைக் கல் அடைத்தாலோ கழிவு போக வழியில்லாமல் இரத்தத்திலேயே தேங்கிக் கண்ணிலும் தோலிலும் ஏறும். எனக்கு அது ஏகத்துக்கு ஏறியிருந்தது.

“அநேகமாக இது வைரஸ்தான்,” என்றார் டொக்டர். “கெட்ட தண்ணியாலை வந்திருக்கும். அதைக் கொல்ல எங்களிட்டை மருந்து இல்லை. ஆறுதலாகக் கிடந்து, எண்ணெய் தொடாமல் சாப்பிட்டியள் எண்டால் ஈரல் தானாகத் தேறும்.”

வைரஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. டொக்டர் ஏன் என்று பார்த்தார். நான் சொல்லவில்லை.

சிரித்த காரணம் என் தங்கையின் மகள் யோகா. அவள் பல்கலைக்கழகத்தில் செடி கொடிகளை ஆராய்கிற பகுதியில் வேலை செய்கிறாள். சில மாதங்களுக்கு முன் பையோடு என் வளவுக்கு வந்து தேசி, நாரத்தை, வில்வம், விளாத்தி, கறிவேப்பிலை என்று ஒவ்வொரு மரத்திலும் இலை பிடுங்கினாள். இவை எல்லாம் ஒரே குடும்பமாம். நான் நம்பவில்லை. வில்வ இலை ஒன்றை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினாள். ஊசியால் குத்தினது போல ஒளிப் புள்ளிகள் தெரிந்தன. கறிவேப்பிலையிலும் அதே புள்ளிகள். அவை மணத் தைலம் இருக்கிற பைகள், இந்தக் குடும்பத்தின் அடையாளம் என்றாள்.

“இலையை அரைச்சுச் சாறெடுத்து, கோழியளைத் தூங்கித் தூங்கி விழுத்துற வருத்தம் இருக்கெல்லோ மாமா, அந்த வைரசோடை சேர்த்து முட்டைக்குள்ளை விடுறன். அடைக்கு வைச்ச முட்டை, உள்ளுக்குக் கரு உயிரோடை இருக்கும். வில்வச் சாறு விட்ட முட்டையிலை வைரஸ் அடங்கிப் போச்சுது. ஆனால்...”

அந்த ‘ஆனால்’ வந்த நேரம் பார்த்து வாசலில் போத்தல் லொறி வந்து ஹோர்ன் அடித்தது. நான் எழும்பிப் போய்விட்டேன். வியாபாரி ஆனாலுக்குக் காத்திருந்தால் கடை நடத்த ஏலாது, அது அந்தக் காலத்து என் கொள்கை.

ஆகவே டொக்டர் மருந்தில்லை என்றதும் நான் மனதுக்குள் நினைத்தது இது: மருந்து என் வளவில் கிணற்றடிக்குப் பக்கத்தில் நிற்கிறது. இன்னொன்றும் நினைத்தேன். நான் எழும்பினால் என் கொம்பனி இனி சர்பத் மட்டும் விற்காது, செங்கண்மாரிக்கு வில்வச் சாறும் விற்கும்.

வாட்டில் எனக்கு ஒரு இரும்புக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் குருநகர் மரியதாஸ், கடற்றொழிலாளி. திருக்கை முள் ஏறிக் கால் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தான். வாய்க்கு ஒரு சுகவீனமும் இல்லை.

“அண்ணை, உங்களை ராவிலை பார்த்தால் லாம்பு தேவையில்லை,” என்றான் முதல் நாளே.

“உன்ரை காலைத் தலைக்கு வைச்சுப் படுக்கலாம் போல கிடக்கு,” என்றேன் நான். அன்றோடு சிநேகிதமானோம்.

அன்று பின்னேரமே பரமேஸ்வரியின் காதுக்குள் என் திட்டத்தைச் சொன்னேன். அவள் சிவபத்தியுள்ளவள். வில்வம் என்றதும் அவளுக்கு என்னைவிட நம்பிக்கை. மறுநாட் காலை குளித்து, வில்வம் ஆய்ந்து, மிளகோடு அரைத்துப் பிழிந்து, எங்கள் கொம்பனிப் போத்தலிலேயே அடைத்துக் கொண்டுவந்தாள். பச்சையாக இருந்தது. மிஸி, அதுதான் வாட்டு நேர்ஸ், போத்தலைத் தூக்கிப் பார்த்தா.

“உதென்ன?”

“எங்கடை சர்பத், மிஸி.”

“ஓ, சர்பத் கனகர் எண்டது நீங்களே? குடியுங்கோ, குடியுங்கோ. இனிப்பு ஈரலுக்கு நல்லது.”

பேர் எடுத்த மனிதனுக்கு எங்கேயும் கதவு திறக்கும். அந்த முறை எந்தக் கதவு திறந்தது என்பது வேறு கதை. சாறு நாக்கில் பட்டதும் கைப்பு காதுவரை ஏறியது. குடித்தேன். குடித்து ஒரு பாட்டுப் பாடி முடிகிற நேரம் இராது, வயிறு கிளம்பியது. மரியதாஸ் தன் கட்டிலில் இருந்தே எட்டி வாளியை நீட்டினான்.

“கெட்டது வெளியாலை போகுது,” என்றேன் வாயைத் துடைத்துக்கொண்டு.

“நல்லதும் போகுது போல கிடக்கு அண்ணை,” என்றான் அவன்.

அன்றிலிருந்து காலையில் சாறு, பிறகு நாள் முழுக்க வாளி. தண்ணீர்கூடத் தங்கவில்லை. கையில் ஊசி குத்திச் சேலைன் ஏற்றினார்கள். சேலைன் என்றால் உப்புத் தண்ணீர்தான், வாயால் போகாததை நரம்பால் விடுவது. நான் உருகிப் போனேன். கட்டின சாறம் இடுப்பில் நிற்கவில்லை. பரமேஸ்வரி ஒரு கயிற்றால் கட்டிவிட்டாள். பகல் முழுக்க விசிறுவாள். பஸ் கிடைக்காத நாளில் வழியில் வருகிற யாருடைய சைக்கிளிலாவது ஏறி வந்துவிடுவாள்.

திங்கட்கிழமை வந்தது. பச்சைப் போத்தல் வரவில்லை, தேசிக்காய்ச் சர்பத் மட்டும் வந்தது. நான் ஏன் என்று கேட்கவில்லை. திங்கட்கிழமை வில்வம் ஆயக்கூடாது என்பது சைவ வீடுகளில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம், சிவனுக்குரிய நாள். முதல் நாள் ஆய்ந்து வைத்த இலையைப் பூசைக்கு வைக்கலாம். மருந்துக்கு வாடின இலை ஆகாது என்பது அவளுடைய எண்ணம். அன்று முழுக்க எனக்குச் சத்தி, அதுதான் வாந்தி, இல்லை. கஞ்சி குடித்தேன். மரியதாசுக்கு என் சரித்திரம் முழுவதும் சொன்னேன், சைக்கிள் காரியரில் தொடங்கிப் பனங்கட்டி வரை.

இந்த இடத்தில் என் மூளை எப்படி வேலை செய்தது என்று பாருங்கோ. ஞாயிறு வரை குடித்த சாறு உள்ளே சேர்ந்து சேர்ந்து திங்களில் பலன் காட்டுகிறது என்று கணக்குப் போட்டேன். செவ்வாய் காலை பரமேஸ்வரியிடம் சொன்னேன்.

“இலையைக் கூட்டிப் போடு. கை நிறையப் போடு.”

கூட்டினாள். செவ்வாய் நான் பட்ட பாட்டை எழுதினால் இதை ஒருவரும் சாப்பாட்டு நேரத்தில் வாசிக்க மாட்டார்கள்.

வெள்ளி, சனி வந்து அந்தக் கிழமை முடிகிறபோது டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் இருந்தார். டொக்டர் கதிரையை இழுத்தால் நல்ல செய்தி இல்லை என்பது அந்த வாட்டில் எல்லோருக்கும் தெரியும். மரியதாஸ்கூடக் கதையை நிறுத்தினான்.

“ஐயா, வைரஸ் எண்டால் இவ்வளவு நாளைக்குள்ளை சத்தி குறைஞ்சிருக்க வேணும். குறையேல்லை. பித்தக் குழாயிலை கல்லு அடைச்சிருக்கோ எண்டு எனக்கு யோசனை. அதைப் படம் பிடிச்சுப் பார்க்கிற ஸ்கான் இஞ்சை ஓடாது, கரண்டு இல்லை. கொழும்புக்குத்தான் அனுப்ப வேணும். வாற புதன் ஒரு வள்ளம் போகுதாம்.”

கொழும்புக்குப் போவதென்றால் அந்த நாளில் எப்படி என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடல் நீரேரியை வள்ளத்தில் கடக்க வேண்டும், வெளிச்சம் இல்லாமல், வெடிச் சத்தம் வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு. சேலைன் போத்தலைக் கையில் பிடித்தபடி நான் அதில் இருக்க வேண்டும். டொக்டர் போனபின் மரியதாசைப் பார்த்தேன். நீரேரியை அறிந்தவன் அவன்.

“நீ என்ன சொல்லுறாய் தம்பி?”

அவன் பகிடி விடவில்லை. “சுகமான ஆளெண்டால் போகலாம் அண்ணை. இப்பத்தைக் காத்துக்கு வள்ளம் சரிஞ்சால் நீந்த வேணும். உங்களாலை இந்த வாளியைத் தூக்கவே ஏலாமல் கிடக்கு.”

பரமேஸ்வரி என் கையிலிருந்த ஊசியைச் சுற்றி ஒட்டியிருந்த பிளாஸ்டரை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் முதன்முறையாகப் பயம் வந்தது. பயம் என்று எழுத எனக்குப் பழக்கமில்லை, ஆனால் அது பயந்தான். நான் செத்தால் கொம்பனிக்கு என்ன என்ற யோசனை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இவள் தனிய எப்படி அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவாள் என்ற யோசனைதான் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை. நான் சம்மணம் கட்டி இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். டொக்டர் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் என்னிடத்தில் நின்றுவிட்டார்.

“என்ன ஐயா, இண்டைக்குச் சத்தி இல்லையோ?”

“இல்லை.”

“போன திங்களும் இப்பிடித்தானே இருந்தியள்?”

“போன வியாழனும் அண்ணை வாளி கேக்கேல்லை,” என்றான் மரியதாஸ். வாளிக்குப் பொறுப்பானவன் அவன், அவனுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

டொக்டர் நெற்றியைச் சுருக்கினார். “திங்கள், வியாழன், பிறகு திங்கள். கல்லு நாள் பார்த்து அடைக்காதெல்லோ. அம்மா, திங்கட்கிழமையிலை வீட்டிலை என்ன வித்தியாசம்? சாப்பாடு ஏதும் மாறுதோ?”

நான் பரமேஸ்வரிக்குக் கண் காட்டினேன். அவள் பார்க்கவில்லை. சுவாமி விஷயத்தில் அவளுக்குப் பொய் சொல்ல வராது.

“சாப்பாடு ஒண்டும் மாறேல்லை ஐயா. திங்கட்கிழமை வில்வம் ஆயக்கூடாது. அதாலை அண்டைக்குச் சாறு இல்லை.”

“என்ன சாறு?”

“வில்வஞ்சாறு. ஒவ்வொரு நாளும் குடிக்கிறவர்.”

“அப்ப வியாழன்?”

“வியாழன் மாசப் பிறப்பு ஐயா. அண்டைக்கும் ஆயிறதில்லை.”

வாட்டில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பிறகு மரியதாஸ் தொடங்கினான், சிரிப்பு. வீங்கின காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அடுத்த கட்டில், அதற்கு அடுத்த கட்டில் என்று சிரிப்புப் பரவியது. மிஸி ஞாயிற்றுக்கிழமை மிச்சமான பச்சைப் போத்தலைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். டொக்டர் சிரிக்கவில்லை, ஆனால் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

“ஐயா, களைச்சு விழுந்து கிடக்கிற மாட்டிலை மூட்டை ஏத்துவியளோ?”

“ஏத்தமாட்டன்.”

“உங்கடை ஈரல் அந்த மாடு. நாளைக்குச் செவ்வாய். சாறு வேண்டாம். நாளைக்குச் சத்தி இல்லையெண்டால் இது கல்லில்லை, சாறு. சத்தி வந்தால் புதன் வள்ளம்.”

அன்று பின்னேரம் யோகா வந்தாள். பெட்டியில் முட்டை அடைக்கு இருக்கிற நாட்களில் அவள் அசைய மாட்டாள். கரண்டு இல்லாததால் மண்ணெண்ணெய் லாம்பின் சூட்டில்தான் முட்டைகளை வைத்திருந்தாள், திரியைக் கூட்டியும் குறைத்தும் பார்க்க ஆள் வேண்டும். அந்த வேலை முடிந்தபிறகுதான் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் என் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டாள்.

“மாமா, நான் சொன்னதிலை பாதியைத்தான் கேட்டனீங்கள். செறிவான சாறு விட்ட முட்டையிலை வைரஸ் அடங்கினது உண்மை. ஆனால் கருவும் செத்துப் போச்சு.”

“ரெண்டும் செத்ததோ?”

“ரெண்டும். வீட்டைக் கொளுத்தினால் எலியும் சாகுந்தானே. தண்ணி கலந்து கலந்து, கரு தப்பி வைரஸ் மட்டும் அடங்குற ஒரு அளவு இருக்கோ எண்டுதான் நான் தேடுறன்.”

“கண்டு பிடிச்சனியோ?”

“இன்னும் இல்லை. கண்டாலும் அது முட்டைக்குள்ளை, கோழியின்ரை வைரசுக்கு. உங்கடை ஈரலிலை இருக்கிறது வேறை சாதி வைரஸ். மனுசருக்குக் குடுக்க இன்னும் எவ்வளவோ பார்க்க வேணும் மாமா.”

“அப்ப அண்ணையும் ஒரு முட்டைதான், பிள்ளை,” என்றான் மரியதாஸ். “பெரிய முட்டை. கரு மட்டும் தப்பியிருக்கு.”

பரமேஸ்வரி எழும்பி விறாந்தைக்குப் போய்விட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நானும் போனேன். தூணுக்கு மறைவில் அழுதுகொண்டிருந்தாள்.

“என்ரை கையாலை அரைச்சு அரைச்சுத் தந்தன்.”

“கூட்டிப் போடு எண்டு சொன்னவன் நான். நீ ஏன் அழுறாய்?”

அவள் கண்ணைத் துடைத்தாள். பிறகு அவளுடைய முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

“திங்கட்கிழமை ஆயாதை எண்டு வைச்சவர் ஆர்? சிவன். அவரல்லோ டொக்டருக்கு உங்களைக் காட்டிக் குடுத்தவர்.”

சிவனோடு வாதாட நான் போகவில்லை, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பினேன்.

செவ்வாய் விடிந்தது. தேசிக்காய்ச் சர்பத் மட்டும் குடித்தேன். வாட்டில் ஒருவரும் தங்கள் வேலையைப் பார்க்கவில்லை, என் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரியதாஸ் வாளியை மடியிலேயே வைத்திருந்தான். காலைக் கஞ்சி தங்கியது. மத்தியானம் பரமேஸ்வரி இடியப்பமும் பால் விடாத சொதியும் கொண்டுவந்தாள், பயந்து பயந்து பிய்த்துத் தந்தாள். தங்கியது. பின்னேரம் எனக்கு ஒரு ஏவறை, பெரிய ஏப்பம், வந்தது. வாட்டே எழும்பி நின்றது. ஏவறை மட்டுந்தான். பொழுதுபட்டபோது மரியதாஸ் வாளியைக் கவிழ்த்து வைத்து அதில் விரலால் தாளம் போட்டான்.

புதன்கிழமை டொக்டர் வந்து கதிரையை இழுக்கவில்லை. நின்றபடியே, “வள்ளத்திலை உங்கடை இடத்தை வேறை ஆளுக்குக் குடுத்தாச்சு ஐயா,” என்றார். பிறகு எடுத்த இரத்தத்தில் மஞ்சள் இறங்கத் தொடங்கியிருந்தது. பசியும் வந்தது, மரியதாசுக்கு வீட்டிலிருந்து வந்த மீன் குழம்பின் மணம் நல்ல மணமாகத் தெரிந்தது. எனக்கு அது கிடைக்காது என்று தெரிந்தும் மூக்கால் சாப்பிட்டேன். நான் வீட்டுக்கு வெளிக்கிடும்போது அவனும் தடி ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய சோதனை. சந்தையில் கதை பரவிவிட்டது. கோப்பாயிலிருந்து, கரவெட்டியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். வில்வச் சாறு போத்தலில் இருக்கோ, முன்காசு தரட்டோ என்றார்கள். வியாபாரி என்ற முறையில் எனக்குக் கை அரித்தது. யோகாவிடம் கேட்டேன்.

“கொஞ்சமாகத் தண்ணி கலந்து விப்பமோ?”

“எவ்வளவு தண்ணி மாமா?”

“அது நீயெல்லோ சொல்ல வேணும்.”

“அதைத்தான் தேடுறன் எண்டு சொன்னனான்.”

ஆகவே விற்கவில்லை. அவளுக்கு வேண்டிய இலையெல்லாம் என் வளவில் பிடுங்கலாம், திங்கட்கிழமை தவிர. முட்டையும் மண்ணெண்ணெயும் என் கொம்பனி கொடுக்கிறது. கண்டுபிடித்தால் முதல் போத்தல் என்னுடையது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன கிழமை நீர்வேலியிலிருந்து ஒருவர் வந்தார். கண் இரண்டும் மஞ்சள், முகம் வாடிப் போயிருந்தது. சாறு வாங்காமல் போகமாட்டேன் என்று படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒரு வாடகைக் காரைப் பிடித்து அவரை ஏற்றிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்கு, அதே வாட்டுக்குப் போனேன். அதே மிஸி நின்றா. அவரைக் கட்டிலில் இருத்தி, நாடி பார்க்க முதல், காய்ச்சல் பார்க்க முதல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டா:

“வீட்டிலை என்ன அரைச்சுக் குடுத்தவை? உண்மையைச் சொல்லுங்கோ.”

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, கீழ்காய்நெல்லியும் இன்னும் ஏதோ வேரும் என்றார். மிஸி அதைக் கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் எழுதினா.

இப்போது அந்த வாட்டில் மஞ்சட் கண்ணோடு வருகிற எல்லோரிடமும் முதலில் கேட்கிற கேள்வி அதுதானாம். அந்த ஆஸ்பத்திரியில் எத்தனையோ படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வியை அங்கே வைத்தது நான்.